பேரப்பிள்ளைகளின் சுகம் பாட்டிமார் கையில்

(தோட்டத்துப் பாட்டிமார், தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கட பேச்சு உங்களுக்குக் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். நீங்கள் அப்பாயி, அம்மாயி என்று கூப்பிடுகிறவர்களை நாங்கள் அப்பம்மா, அம்மம்மா என்போம்; சில வீடுகளில் ஆச்சி. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். மகளோ மருமகளோ விடியக் கொழுந்தெடுக்க மலை ஏறினால் பின்னேரம்தான் லயத்துக்குத் திரும்புகிறாள். அதுவரைக்கும் பிள்ளை என்ன தின்னுது, என்ன குடிக்குது, எங்கே விளையாடுது என்பதைத் தீர்மானிக்கிறது யார்? பிள்ளைக் காம்பராவில் இல்லாத நேரமெல்லாம் பாட்டிதானே. அதனால் இன்றைக்கு மருந்தைப் பற்றிப் பேச வரவில்லை. உங்களைப் பற்றித்தான் பேச வந்தோம்.

முதலில் ஒரு கணக்கு. 2016 ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 32 பேர். "நாங்களும் கட்டை, பிள்ளையும் கட்டை, அது பரம்பரை" என்று சிலர் சொல்லுவார்கள். அப்படி விட்டுவிட முடியாது. தாயின் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்து முதல் இரண்டு வருசத்திலும் ஊட்டம் காணாமல் போனது, அடிக்கடி வந்த வயிற்றோட்டம், இதுகள்தான் பெரிய காரணம். அது உயரத்தோடும் நிற்காது. பிள்ளையின் படிப்பையும், நாளைக்கு உழைக்கிற பலத்தையும் தொடும். சம்பளம் காணாது என்பது எங்களுக்கும் தெரியும். அதை மறைத்துக்கொண்டு "கீரை சாப்பிடுங்கோ" என்று புத்தி சொல்ல வரவில்லை. ஆனால் இருக்கிற காசு எந்தச் சாமானுக்குப் போகுது என்பதில் பாட்டியின் சொல்லுக்கு இடம் இருக்கு.

இனி எங்கட ஊர்க் கதை. 1990 இல் யுத்தம் மறுபடி தொடங்கின பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் எண்ணெய், சீனி, சவர்க்காரம் எல்லாம் தட்டுப்பாடு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடினபோது திரும்பவும் தட்டுப்பாடு. அந்த நாட்களில் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது ஆச்சிமாரின் அறிவு. பனங்கொட்டையைப் பாத்தி போட்டு, வந்த கிழங்கைக் கிண்டி, பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கூழ் காய்ச்சுவார்கள். அந்த ஊறலில் அவசரப்படக் கூடாது என்று ஆச்சிமார் அடித்துச் சொல்லுவார்கள். மீன், நண்டு, இறால் கிடைத்தால் கூழுக்குள் போடுவது. கிடைக்காவிட்டால் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ஒரு பிடி முருங்கையிலை, பழப்புளி. பனையோலையில் கோலின பிளாவில் ஊற்றி, சுற்றியிருந்து குடிப்போம். சீனி இல்லாத நாளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி. ஒரு சின்னத் துண்டு ஒரு கோப்பைக்குக் காணும். குரக்கன் பிட்டு, எள்ளுப்பாகு, தேசிக்காய்ப்புளி விட்ட வல்லாரைச் சம்பல், இதுகளை எந்த ஆஸ்பத்திரியும் எழுதித் தரவில்லை.

அதுக்காக யுத்தகாலம் நல்ல காலம் என்று நினைத்துவிடாதேயுங்கோ. பசி பசிதான், பிள்ளைகள் மெலிந்துதான் கிடந்தார்கள். சொல்ல வந்தது வேறு. 2009 க்குப் பிறகு பாதை திறந்தது, கடைகள் நிறைந்தன. சோடா, பிஸ்கட், நூடில்ஸ் வந்தது. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. இப்போது சலரோகக் கிளினிக்கில் வரிசை நீளம். ஒடியல் மா பைக்கற்றில் வெளிநாட்டுக்குப் போகுது. பேரன் ஆச்சியிடம் நூடில்ஸ் கேட்கிறான். "பாவம் பிள்ளை" என்று ஆச்சியும் அவித்துக் கொடுக்கிறா. பஞ்சத்தில் பிள்ளையைக் காப்பாற்றின அதே கைதான்.

உங்கட லயத்துக்கு வருவோம். இங்கே கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி போட்ட சாயத்தண்ணி. 2022 இல் மா விலை ஏறினபோது எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒடியல் இங்கே இல்லை. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் முருங்கையும் நல்லா வராது. ஆனால் வல்லாரை, பொன்னாங்காணி லயத்தோரத்திலேயே வரும். ரொட்டிக்குப் பிசையிற மாவில் ஒரு பங்கு குரக்கன் மா கலந்து, ஒரு பிடி கீரையை நறுக்கிப் போட்டுப் பாருங்கோ. காசு பிஸ்கட்டுக்குப் போகாமல் சேர்ந்தால் கிழமையில் சில முட்டைக்கு, கொஞ்சம் நெத்தலிக்கு, பயறுக்கு வழி வரும். திரிபோஷா கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும். வீடு முழுக்கப் பங்கு போட வேண்டாம்.

தேயிலையில் சோறு தின்கிறவர்களிடம் தேத்தண்ணியைக் குறை சொல்லுறது வேடிக்கைதான். நாங்கள் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. பெரியவர்கள் ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கோ. பால்போத்தலில் சாயத்தண்ணி ஊற்றிக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால்தான், சீனித்தண்ணியும் வேண்டாம்.

எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு ஒன்று சொல்லுறோம். 2016 இல் இருந்து இலங்கையில் சோடாப் போத்தலில் நிற அடையாளம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் செம்மஞ்சள். கடைக்காரரிடம் கேட்கத் தேவையில்லை. பேரன் இழுத்துக்கொண்டு போனால் சிவப்பைக் காட்டி "இது வேண்டாம்" என்று சொல்லிப் போடுங்கோ. அழுவான், பிறகு மறந்துபோவான்.

அடுத்தது கசப்பான விசயம். வெற்றிலைப் பெட்டி. மடியில் இருக்கிற பேத்தி வாயைத் திறந்தால் ஒரு துண்டு பாக்கு வைக்கிற பாட்டிமார் இருக்கிறார்கள். எங்கட குடாநாட்டில் விளையிற புகையிலையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கு. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே வாய்ப்புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை சொல்லுது. நாற்பது வருசப் பழக்கத்தை இன்றைக்கே விடு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பேத்திக்கு முன்னால் போடாதேயுங்கோ, அவளுக்குக் கொடுக்காதேயுங்கோ. இதையாவது இன்றைக்கே தொடங்கலாம்.

மருமகள்மாருக்கும் ஒரு சொல். மாமியார் கொடுத்தது பிழை என்றால் பிள்ளைக்கு முன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. நிறை பார்க்கிற புத்தகத்தில் கோடு ஏறுதா இறங்குதா என்று குடும்பநல மாது அவவுக்கும் காட்டட்டும். பிள்ளையை நாள் முழுக்கத் தூக்கித் திரியிறவ அவதான்.

 ஒடியல் மா ஊரிலிருந்து கொண்டு வந்து, காலையிலேயே ஊறவைத்துக் கூழ் காய்ச்சியிருக்கிறோம். நண்டு இல்லை, நெத்தலிதான் போட்டிருக்கு. உறைப்பைக் குறைத்திருக்கிறோம், பிள்ளைகளும் குடிக்கலாம். பிளாவுக்குப் பனையோலை இங்கே இல்லாதபடியால் ஆளுக்கொரு கோப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ. பாட்டிமார் முதலில்.