மலையாளத் திரையின் முதல் கதாநாயகி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். எனக்கு முன் பேசியவர்கள் அதில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எனவே ஒரு நடிகையைப் பற்றிப் பேச அனுமதி பெற்றுக்கொண்டேன். தலைமை ஆசிரியருக்குச் சினிமாப் பேச்சு எதற்கு என்று பின்வரிசையில் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள், ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

தென்னகத்தில் முதன்முதலாகக் கதைப்படம் எடுத்தவர் நம் வேலூரில் பிறந்த நடராஜ முதலியார். அவர் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' என்னும் மௌனப்படம் 1918ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அக்காலத்தில் பெண்கள் காமிராவின் முன் நிற்க இசையமாட்டார்கள். 1913இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதி வேடத்திற்குப் பெண் கிடைக்காமல், உணவு விடுதியில் வேலை பார்த்த சாளுங்கே என்னும் இளைஞருக்குப் புடைவை கட்டிவிட்டார். நம் தெருக்கூத்திலும் திரௌபதி ஆண்தானே! ஆகவே நமக்கு அது வியப்பன்று.

அப்படிப்பட்ட காலத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண் துணிந்து நடிக்க வந்தார். அவரே பி.கே. ரோசி. 1903இல் புலையர் குலத்தில் பிறந்தவர். புல்லறுத்து விற்றுப் பிழைத்த குடும்பம். ஆனால் அவரை வெறும் புல்லறுக்கும் பெண் என்று எழுதுவோர்மீது எனக்கு வருத்தம் உண்டு. அவர் காக்காரிசி நாடகம் ஆடிப் பழகிய கலைஞர். சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி போல் நாடோடிகளாய் வருகிற அந்த நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். ஆட்டம், பாட்டு, பேச்சு மூன்றும் வேண்டும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த அந்த மேடையில் ஏறியதே அவருடைய முதல் துணிச்சல்.

ஜே.சி. டேனியல் என்பவர் பல் மருத்துவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து 'விகதகுமாரன்' என்ற படத்தை எடுத்தார். புராணக் கதைகளே படமாகிவந்த நாளில் அவர் சமூகக் கதையைத் தேர்ந்தார். இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு சிறுவன் வளர்ந்து ஊர் திரும்பும் கதை அது. பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை ஒத்துவராமல் போகவே, ரோசியை அழைத்தார். கதாநாயகி சரோஜினி நாயர் குலப்பெண். நாளுக்கு 5 ரூபாய் வீதம் பத்து நாள் ஊதியம் பெற்றார் என்பர்.

படம் தலைநகரின் கேபிடல் திரையரங்கில் வெளியானது. 1928 நவம்பர் 7 என்று ஒரு சாராரும், 1930 அக்டோபர் 23 என்று ஒரு சாராரும் நாள் குறிக்கின்றனர். புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கிவைத்தார். தம் முகத்தைத் திரையில் காணும் உரிமை ரோசிக்கு அன்று மறுக்கப்பட்டது. அவர் அமர்ந்தால் தாங்கள் அமரமாட்டோம் என்றனர் பெரிய மனிதர்கள். கதாநாயகன் அவருடைய கூந்தல் மலரை முத்தமிடும் காட்சி வந்ததும் கல் பறந்தது, திரை கிழிந்தது. ஒரு பெண் நடித்ததற்காக மட்டும் எறிந்த கல்லா அது? புலையப் பெண் நாயர் பெண்ணின் உடையும் நகையும் பூண்டு நின்றாளே, அதற்காக எறிந்த கல். பின்னர் அவருடைய குடிசைக்கும் தீ வைத்தனர்.

தீ வைப்பது அந்நாட்டில் புதிதும் அன்று. அய்யன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது அப்பள்ளியையே கொளுத்தினார்கள். இன்று அப்பள்ளிக்கு அவ்விருவர் பெயரும் சூட்டப்பட்டுள்ளது. பள்ளிக்கூடமானாலும் படக்கொட்டகையானாலும், நம்மவர் வாசற்படி ஏறினால் கொளுத்து என்பதே அன்றைய நியாயம்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்து, 1931இல் 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகியானார். 1936இல் 'மிஸ் கமலா'வைத் தாமே இயக்கினார். சினிமா ராணி என்று ஊர் கொண்டாடியது. அவரும் துன்பப்பட்டு உயர்ந்தவர்தாம். அப்புகழை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு முதற்படம் தொடக்கமாயிற்று; மற்றவருக்கு அதுவே முடிவும் ஆயிற்று.

இரவோடு இரவாக ஒரு லாரியில் ஏறி ரோசி நாகர்கோவில் பக்கம் வந்து சேர்ந்தார். அந்த லாரியின் ஓட்டுநர் கேசவ பிள்ளையையே மணந்தார். அதன்பின் ராஜம்மாள் என்னும் பெயரில் வாழ்ந்தார். நடித்ததையோ பிறந்த குலத்தையோ வெளியே சொன்னதில்லை. பிள்ளைகள் தந்தையின் சாதியிலேயே வளர்ந்தனர்.

இளைஞர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர், "எந்த ஊர்மா?" என்பாராம். "கணியம்பாடி" என்பாளாம். "கணியம்பாடியில் எந்தப் பக்கம்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு அவள் வேறொரு தெருவின் பெயரைச் சொல்வதாக என்னிடம் சொன்னாள். வேலூரில் வாடகைக்கு வீடு தேடிய நம் பட்டதாரிகளுக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதே. அவளை நான் கடிந்துகொள்ளவில்லை. ரோசி மறைந்து வாழ்ந்ததையும் கோழைத்தனம் என்பவரோடு நான் உடன்படேன். எரித்தவன் நிமிர்ந்து நடக்க, எரிக்கப்பட்டவள் ஏன் பெயரை ஒளித்தாள் என்று கேட்பது என்ன நியாயம்?

டேனியலும் கடனில் மூழ்கி, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் ஏழையாகவே மறைந்தார். படச்சுருளைச் சிறுவயதில் விளையாட்டாக எரித்துவிட்டதாக அவருடைய இளைய மகன் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆக, ரோசி நடித்த ஓர் அங்குலப் படமும் இன்று இல்லை. 1992 முதல் கேரள அரசு டேனியல் பெயரில் விருது வழங்குகிறது. ரோசியின் முறை தாமதமாகவே வந்தது. 2013இல் 'செல்லுலாயிட்' என்ற படம் இருவர் கதையையும் சொன்னது. 2019இல் மலையாளத் திரையுலகப் பெண்கள் தங்கள் திரைப்படக் கழகத்திற்கு ரோசியின் பெயரை இட்டனர். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்தது.

இவ்வளவும் எப்படித் தெரியவந்தது? சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் டேனியலைத் தேடிச் சென்று எழுதினார். குன்னுகுழி மணி ரோசியைப் பற்றித் தேடி எழுதினார். இவ்வாறு இரண்டொருவர் ஊர் ஊராய்க் கேட்டு எழுதியிராவிட்டால் அவர் பெயரும் சுருளோடு எரிந்திருக்கும். அவர் ஆடிய காக்காரிசி மேடைகளை யாரும் அப்போது எழுதி வைக்கவில்லை.

நம் தெருக்களிலும் கூத்தில் வேடம் கட்டியவர்கள், பறை அடித்தவர்கள், தோல் ஷாப்பில் பகலெல்லாம் நின்று இரவில் நாடகம் ஆடியவர்கள் இருந்தார்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் இந்தக் கோடை விடுமுறையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெயர், ஊர், கட்டிய வேடம், ஆடிய ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள். சங்க அலுவலக மேசையில் நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் மூன்று பெயர்கள் இப்போதே எழுதியாயிற்று.