பெயர்கள் சொற்களான கதை



விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வோல்ற்று, அம்பியர், ஓம், வாற்று என்று மனனம் செய்தோம். அவை இத்தாலியின் வோல்டா, பிரான்சின் அம்பியர், ஜேர்மனியின் ஓம், ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் வாட் ஆகியோரின் பெயர்கள் என்பதை நாம் தேடிப் பார்க்கவில்லை. மின்குமிழ் வாங்கும்போது இன்றும் வாட்டின் பெயரைத்தான் சொல்கிறோம்.

அந்த நால்வரில் ஒரு பெண்ணும் இல்லை. அணுக்கருப் பிளவு எப்படி நிகழ்கிறது என்பதை 1939இல் சகோதரியின் மகன் பிரிஷுடன் சேர்ந்து விளக்கியவர் லிசே மைட்னர். அந்தக் கண்டுபிடிப்புக்கான 1944ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு ஒட்டோ ஹானுக்கு மட்டுமே கிடைத்தது. மைட்னர் 1968இல் மறைந்தார். 109ஆம் மூலகத்துக்கு மைட்னீரியம் என்ற பெயர் 1997இல்தான் உறுதியானது.

நம் பாடசாலை இல்லங்களோ நம்மை வளர்த்த பெண் அதிபர்களின் பெயர்களையே தாங்குகின்றன. இல்ல விளையாட்டுப் போட்டியில் தொண்டை கட்டும்வரை அப்பெயர்களைக் கத்தினோம். அவர்கள் யாரென்று இன்றைய மாணவிகளுக்குத் தெரியுமா? அவர்களிடம் படித்த அக்காமார் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே கேட்டு எழுதி வைப்போம்.