தோட்டக் குளத்திற்கு ஏற்ற செடிகள்

காணிப்பாக்கம், சித்தூர்ப் பக்கங்களிலே வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம் அமைக்க விரும்புவோர், செடியைப் பற்றி எண்ணுமுன் நீரைப் பற்றி எண்ண வேண்டும். கோடையில் ஆறுகளே மணலாகக் கிடக்கும் பகுதி இது. ஏழடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள தொட்டியிலிருந்து, கடுங்கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 லிட்டர் நீர், அதாவது இரண்டு குடம், ஆவியாய்ப் போய்விடும். அதை ஈடுசெய்ய முடியாத வாரமும் வரும். அந்த வாரத்தைத் தாங்கும் செடியே நமக்கு வேண்டியது.

மூதுரையிலே நல்ல உறவினர்க்கு உவமையாக ஔவையார் காட்டிய கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகிய மூன்றும் புலவர் கற்பனை அல்ல. ஏரி வற்றினாலும் அவற்றின் கிழங்குகள் சேற்றினடியில் உறங்கிக் கிடந்து, மழைநீர் தேங்கியதும் தளிர்க்கின்றன.

தாமரையை நாடுவோர் பலர். ஆனால் ஏரிகளிலே காணும் பெருந்தாமரையின் தண்டு சேற்றில் ஓடிப் படர்வது. சிறு தொட்டியை விரைவில் அடைத்துவிடும். அல்லியோ ஒரு மண்தொட்டிக்குள் அடங்கியிருக்கும். நீல நெய்தல் காலையில் விரிந்து பிற்பகலில் குவியும். செவ்வல்லி மாலையில் விரியும். பகலெல்லாம் வெளியே உழைப்பவர் செவ்வல்லியையே வைக்கலாம் என்பது என் கருத்து. இப்பக்கத்து உழவரிடம் கிழங்கு கேட்கும்போது, தெலுங்கிலே 'கலுவ' என்று கேளுங்கள், உடனே புரியும்.

அகன்ற மண்தொட்டியில் ஏரி வண்டலை இட்டுக் கிழங்கை நட்டு, மேலே மணல் பரப்பி நீரில் இறக்குக. பச்சைச் சாணம் வேண்டா. நீர் அழுகும், பாசி பிடிக்கும். நாளும் ஐந்தாறு மணி நேர வெயில் இருந்தாலன்றிப் பூக்காது. நீர்ப்பரப்பில் பாதியை இலை மூடினால் போதும். சூடும் தணியும், பாசியும் அடங்கும். கொசுப் புழுக்களுக்குச் சில கப்பி மீன்களை விடலாம். அவை அயல்நாட்டு மீன்கள். ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடலாகாது.

வெங்காயத் தாமரையை மட்டும் யார் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூவழகுக்காக வங்காளத்திற்கு வந்த செடி அது. வெப்பமான நீரில் இரண்டு வாரத்திற்குள் இருமடங்காகும். இலைவழியே நீரையும் மிகுதியாக வெளியேற்றும். முன்பே புகுந்திருந்தால் வேருடன் எடுத்து வெயிலில் நன்கு உலர்த்துங்கள்; வாய்க்காலில் எறிந்தால் அடுத்த மழையில் ஊர் ஏரிக்குப் போய்ச் சேரும்.