மைத்திரியும் கருணையும்



பௌத்தர்கள் தியானத்தில் பழகும் மைத்திரி, கருணை என்பவைகளைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். தியானம் என்றவுடன், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு சாமியைக் கூப்பிடுவது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். இதில் சாமியுமில்லை, பூசாரிக்குத் தட்சணையுமில்லை. எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும் என்கிற எண்ணம் மைத்திரி. துன்பப்படுகிறவனுடைய துன்பம் நீங்க வேண்டும் என்பது கருணை. உடம்பைக் கசரத்தில் பழக்குவதுபோல மனதை இவைகளில் பழக்குகிறார்கள். அவ்வளவுதான்.

சுமார் 1,500 வருஷங்களுக்கு முன் அநுராதபுரத்தில் புத்தகோஷர் எழுதிய விசுத்திமார்க்கத்தில் இதற்கு முறை சொல்லியிருக்கிறது. முதலில் தன்னிடத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். நான் சுகத்தை விரும்புகிறேன், அதுபோலவே மற்றவனும் விரும்புவான் என்று தன்னையே சாட்சி வைத்துக்கொண்டு, பிறகு ஆசிரியன், நண்பன், சம்பந்தமில்லாதவன், கடைசியாக விரோதி என்று போகிறது. விரோதியிடம் கோபம் தணியவில்லையானால், கோபம் அவன் தலைமயிரின்மேலா, நகத்தின்மேலா என்று தனித்தனியே பிரித்துக் கேட்டுக்கொள்ளச் சொல்லுகிறார். அதுவும் பலிக்காவிட்டால் அவனுக்கு ஏதாவது ஒரு பொருளைக் கொடு என்கிறார். மந்திரத்தைவிட இது எவ்வளவோ நல்ல வைத்தியம்!

இன்னொன்று கேளுங்கள். ஒரு பிக்ஷு தன் நண்பன், சம்பந்தமில்லாதவன், விரோதி ஆகிய மூவரோடு உட்கார்ந்திருக்கிறான். திருடர்கள் வந்து, பலியிட ஒருவனைக் கொடு என்கிறார்கள். விரோதியைக் காட்டினால் அவன் தேறவில்லை. சரி, என்னைக் கொண்டுபோங்கள் என்றால்? அப்பொழுதும் தேறவில்லையாம்! நால்வரில் கொடுக்கத்தக்கவன் ஒருவனுமில்லை என்று தோன்றினால்தான் எல்லை உடைந்ததாக அர்த்தம். தியாகி வேஷத்துக்குக்கூட இதில் இடமில்லை பாருங்கள்.

ஆனால் அதே நூலில், மைத்திரி பழகினவனைத் தீ சுடாது, விஷம் ஏறாது, தேவர்கள் காப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறது. புத்தர் பேரால் சொன்னாலும் புளுகு புளுகுதான். நெருப்பு ஆளைப் பார்த்துச் சுடுவதில்லை.

சரி, எல்லையை உடைக்கச் சொன்ன அந்தத் தீவில் நடந்தது என்ன? 1753-இல் சயாம் தேசத்து பிக்ஷுக்களை வரவழைத்து ஏற்படுத்திய சியாம் நிகாயத்தில், சில வருஷங்களுக்குள்ளாகவே கொவிகம ஜாதியாருக்கு மட்டுமே உபசம்பதை என்றாகிவிட்டது. காலையும் மாலையும் எல்லா ஜீவன்களும் சுகமாயிருக்கட்டும் என்று ஓதுகிறவர்கள், பக்கத்து வீட்டு சாலகம ஜாதியானைச் சங்கத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவனும் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. கப்பலேறிப் பர்மாவுக்குப் போய், அங்கே உபசம்பதை பெற்று, 1803-இல் திரும்பிவந்து அமரபுர நிகாயம் என்று தனியாகவே ஒன்றை ஏற்படுத்திக்கொண்டான்.