அரைப்பேர்



மலையக மக்களின் பேச்சுத் தமிழிலே 'பேர்' என்றொரு சொல் உண்டு. பேர் என்றதும் நாம் பெற்றோர் இட்ட பெயரை நினைப்போம். தோட்டத்திலே அது ஒருநாட் சம்பளம். காலையிலே பெரட்டுக்களத்துக்குப் போய், மலையேறி, நிர்வாகம் குறித்த அளவு கொழுந்தை நிறுவையிலே காட்டினால் செக்ரோலில் ஒரு பேர் விழும். பல தோட்டங்களில் அந்த அளவு 18 அல்லது 20 கிலோ. குறைந்தால் அரைப்பேர். நாள் முழுவதும் மலையில் நின்றவள், ஏட்டிலே பாதி ஆளாகிவிடுகிறாள்.

என் வகுப்பிலே தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, 'எனது தாய்' என்ற கட்டுரையிலே, 'அம்மாவுக்கு இன்றும் அரைப்பேர்' என்று எழுதியிருந்தாள். அதை வாசித்தபோது நகரத்துப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவளே எழுந்து பொருள் சொன்னாள். நிகண்டுகளை உருப்போட்ட எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல வந்திராது.

இந்தச் சொல் பிறந்த கதையைத் தேடக் கண்டியிலிருந்து நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமாக்கியது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விலைபோன காலம் அது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள்; ஆளுநர் ஸ்டூவர்ட் மக்கென்சியே அவர்களில் ஒருவர்! கோப்பிக்காகக் காடு எரிந்தது. தமிழகத்திலிருந்து மன்னாரிற் கரையேறி மாத்தளைக்கு நடந்தவர்கள், வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே விழுந்தார்கள். 1840களில் இறந்தவர்கள் 70,000 என அக்காலப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. எந்தத் தோட்டத்துச் செக்ரோலிலும் அவர்களுக்குப் பேர் விழவில்லை. 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தது அவர்களை நினைத்துத்தான்.

வந்து சேர்ந்தவர்களைக் கட்டிப்போட்டது 'துண்டு'. கடன் தீர்ந்தது என்று துரை எழுதித் தரும் துண்டுக் கடதாசி இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. 1921இற்றான் அது ஒழிந்தது.

மனிதருக்கு நேர்ந்தது மலைக்கும் நேர்ந்தது. மனிதர் அரைப்பேரானார்கள், மலை 'அஞ்சாம் நம்பர் மலை' ஆயிற்று. புல் ஒன்றும் மிஞ்சாமல் சுரண்டிக் களையெடுத்தார்கள். மழை மண்ணைக் கொண்டுபோயிற்று. 1869இல் கோப்பியிலே இலைநோய் கண்டது. அதை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதால் காற்றோடு பூஞ்சணம் பரவ வழி பிறந்தது என்று விளக்கினார். தோட்டக்காரர்கள் கற்றுக்கொண்டது, கோப்பிக்குப் பதில் தேயிலை நடலாம் என்பதை மட்டுமே. நம் பக்கத்து லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் 1867இல் அதற்கு வழி காட்டியிருந்தார். மீண்டும் மலை மலையாய் ஒரே பயிர். போன மண் எங்கே போயிற்று? நகரத்தருகே பொல்கொல்லையிலே 1976இல் மகாவலியை மறித்துக் கட்டிய அணையில், 1988 அளவிலேயே கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதம் சேற்றால் நிரம்பிவிட்டது. தேயிலையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. புகையிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் அதிலே பங்குண்டு.

மண் மெலிந்த மலையிலே கொழுந்தும் மெலியும். ஆனால் கிலோக் கணக்கு மெலிவதில்லை. மலைக்குச் செய்த கேட்டின் நட்டத்தை, கொழுந்தெடுப்பவளின் பேரிலே கழிக்கிறார்கள். இந்த இரண்டு நட்டமும் ஒன்றென்பதை நம் சுற்றாடல் கூட்டங்களிலே பேசக் காணோம்.

இந்தக் கணக்கை எழுதிவைத்தது இலக்கியந்தான். 1930களிலே புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் மருதியை இலங்கைத் தோட்டத்துக்கு அனுப்பினார். தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை கவிதை எழுதியதோடு நில்லாமல், மக்களின் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தலைப்பிலேயே அளவு வந்து உட்கார்ந்துவிடுகிறது. இவற்றைச் சோகக் கதைகள் என்று ஒதுக்கும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1940 சனவரியிலே ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்திற் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனை எந்தக் கம்பனி அறிக்கையிலே தேடுவது?

1992இலே அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. அதன்பின் மலைகள் சில காடாகிக் கிடக்கின்றன. அன்று புல்லை விடாமற் சுரண்டினார்கள். இன்று புல் வெட்டும் செலவை மிச்சம்பிடிக்கிறார்கள். பற்றையிலே குளவி கூடு கட்டுகிறது. கூடையோடு போனவள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி பத்திரிகையின் மூலையிலே நான்கு வரி.

2024இலே நாட்சம்பளம் 1,700 ரூபா என வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் உயர் நீதிமன்றம் சென்றன. இடைக்காலத் தடை கிடைத்தது. செப்ரெம்பரிலே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்றானது. மாசி, பங்குனி வெயிலிலே கொழுந்து வராத மலைக்குப் போனவளுக்கு நாட்சம்பளம் முழுதாய்க் கிடைப்பதில்லை. அன்றைக்கும் அரைப்பேர்தான்.