குறுமரமும் மூவரி அணிலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசினார்கள், சமயம் பேசினார்கள், சென்ற திங்கள் வானநூலும் பேசினார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதை அலுவலகத்துக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எங்களுக்கு என்ன பேசத் தெரியும் என்று மலைத்திருந்தோம். அவ்வேளையில் எங்கள் மொட்டை மாடிக்கு வந்த செயலாளர், கம்பி வலைக்குள் நிற்கும் தொட்டி மரங்களைக் கண்டு நகைத்து, "இந்தச் சிறைச்சாலைக் கதையையே சொல்லுங்கள், குடியிருப்பில் பாதி வீடுகளில் அணில் வழக்கு இருக்கிறது" என்றார். அவர் சொற்படியே வந்து நிற்கிறோம்.

போன்சாய் என்பது ஜப்பானியச் சொல். ஆழமில்லாத தட்டில் நட்டது என்பது அதன் பொருள். கலை சீனத்தில் தோன்றி ஜப்பானில் வளர்ந்தது. மரத்தைக் குள்ளமாக்க மருந்தொன்றும் இல்லை; வேரையும் கிளையையும் காலமறிந்து கழித்து, கம்பி சுற்றி வளைத்து, பல்லாண்டு காத்திருப்பதே அதன் முழு வித்தை. நம் நாட்டில் இதற்கு மிகவும் இசைந்தவை ஆல், அரசு, இத்தி முதலியன. பறவை எச்சத்தால் பழஞ்சுவரின் வெடிப்பிலும் முளைத்துப் பிழைக்கும் மரங்கள் அவை.

எங்கள் ஆலும் அவ்வாறு கிடைத்ததே. ஈரோட்டில் பணியாற்றியபோது, இடிக்கவிருந்த ஒரு மதிற்சுவரிலிருந்து விரல் நீளக் கன்றாக அதனைப் பெயர்த்தெடுத்தோம். பின் மாற்றலாணை வந்து பாலக்காடு சென்றோம். மறுபடியும் ஆணை வந்து இத்தேவரா சேர்ந்தோம். மாற்றலுக்குரிய உத்தியோகத்தான் வாயிலில் மாமரம் வைத்தால் அதன் முதற்கனியை அடுத்து வருபவர் உண்பார். மடியில் வைத்துக் கொண்டு வண்டியேறத்தக்க மரம் இது ஒன்றே. பதினோராண்டு கழிந்து, அடி மணிக்கட்டளவு பருத்து, இரண்டு விழுதும் இறக்கியது. எங்கள் மகள் பிறந்த ஆண்டும் அது தட்டேறிய ஆண்டும் ஒன்று. ஆதலின் வீட்டில் அதற்கு ஒரு பிள்ளையின் உரிமை உண்டு.

வாஷிங்டன் நகரத்துத் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானியத் தட்டு ஊசியிலை மரம் இருக்கிறது. 1625-ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டு, 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாளில் அவ்வூரிலேயே இருந்து தப்பி, 1976-இல் யமாகி குடும்பத்தாரால் அமெரிக்காவுக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. நானூறு ஆண்டு ஆயுள் அளிக்கவல்ல தட்டு, நான்கு நாள் கவனியாவிடில் அம்மரத்தைக் கொல்லவும் வல்லது. அதனையே இங்குக் கண்டோம்.

ஒரு சித்திரைக் காலையில் எங்கள் துணைவியார் மாடியிலிருந்து கூவினார். மேலே சென்றோம். ஆலின் அடியில் மண் பறிக்கப்பட்டிருந்தது. பசும்பாசி கிழிந்து கிடந்தது. மயிரிழை வேர்கள் வெயிலில் காய்ந்திருந்தன. ஒரு கிளையின் பட்டை ஏறத்தாழச் சுற்றிலும் கொறிபட்டிருந்தது. தரையில் நிற்கும் பேராலை நூறு அணில் கொறிப்பினும் அஃது அறியாது. தட்டிலோ மண்ணின் ஆழம் மூன்று விரற்கடை. அதிற் பாதியைக் கிளறினால் வேரிற் பாதி போயிற்று. பட்டையின் வழியாகத்தான் இலை ஆக்கிய உணவு வேருக்கு இறங்குகிறது. ஆதலின் பட்டை வளையமாக அறுபட்டால் அந்தக் கிளையிலிருந்து உணவு கீழே வராது. தண்டையே சுற்றி அறுத்துவிட்டாலோ வேர் பட்டினியாகி மரம் முழுவதும் வீழும்.

முதலில் எலியையே ஐயுற்றோம். மூன்று இரவுகள் பொறி வைத்தோம். தேங்காய்ச் சில்லு வாடியதேயன்றி ஒன்றும் அகப்படவில்லை. இரவில் காவல் காத்த அறிவின்மையை என்னென்பது! எலி இருளில் வருவது; அணில் பகலில் வருவது. கேரளத்துக் கொக்கோத் தோட்டங்களில் இவ்விரண்டும் காய்களைக் குடைகின்றன; காம்பருகே துளையிருந்தால் எலி, காயின் நடுவே இருந்தால் அணில் என்று வேளாண்மையார் வேறுபடுத்துகிறார்கள். தொட்டி மரத்திற்கு அவ்வளவு நுட்பம் வேண்டா. மாலையில் ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு ஞாயிறு காலை சன்னலுக்குள் அமர்ந்து நோக்கினோம். ஏழு மணிக்குத் தென்னையினின்று இறங்கிய அணில் ஒன்று, பாசியையும் வேரடியில் சுற்றியிருந்த நாரையும் வாய் நிறையக் கவ்விக்கொண்டு, சன்னலின் மேற்பலகை இடுக்கிற்குள் நுழைந்தது. கூடு கட்டுகிறது என்பது அப்போதே விளங்கிற்று.

இம்மலையாள நாட்டார் அதனை அண்ணான் என்கின்றனர். இங்கு வந்த புதிதில் எங்கள் சிறியவன், அடுத்த வீட்டுப் பாட்டியார் யாரையோ அண்ணன் என்கிறார் என்று எண்ணிக் கதவைத் திறந்து பார்ப்பான். தொல்காப்பியத்து மரபியலோ இதனை மூவரி அணில் என்றே குறித்து, இளமைப் பெயரும் வகுக்கிறது. விலங்கு நூலார் இன்று தென்னாட்டு அணிலை மூவரியென்றும் வடநாட்டதை ஐவரியென்றும் பிரிப்பதை நோக்கினால், நம் முன்னோர் முதுகை எண்ணிப் பார்த்தே எழுதினர் போலும். அணை கட்ட உதவிய அணில் வான்மீகத்தில் இல்லை, கம்பனிலும் இல்லை, தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் உண்டு. இராமன் விரல் பதித்த செய்தி மக்கள் வாய்மொழியாக வந்தது.

இக்கதை அறிந்தும், நண்பர் ஒருவர் நஞ்சு வைக்கச் சொன்னபோது நாங்கள் உடனே மறுத்தோம் என்று சொல்ல இயலாது. பதினோராண்டு உழைப்பு கண்முன் வாடும்போது மனம் எங்கெங்கோ செல்கிறது. பொட்டலம் வாங்கியும் வந்துவிட்டோம். "அந்த இடுக்கில் குட்டி இருந்தால் அதற்கு யார் பால் கொடுப்பது?" என்று மகள் கேட்டாள். அணில் இரண்டு மூன்று குட்டி ஈனும். அன்றியும், நஞ்சைக் காகம் தின்னும், பூனை தின்னும், தவழும் குழந்தை கையிலும் எடுக்கும். பொட்டலம் திறவாமலே கடைக்குத் திரும்பிற்று. கடைக்காரர் காசு தரவில்லை, சாம்பிராணி தந்தார்.

பிடித்து வேறிடம் விடுவதும் ஏற்றதன்று. ஓர் அணில் நீங்கிய தென்னைக்கு வேறோர் அணில் வரும். 1898-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர விலங்குக்காட்சி சாலைக்குக் கொண்டுசென்ற நம் ஐவரி அணில்கள் வெளியே பரவி அங்கேயே குடியேறிவிட்டன. பிழைக்கச் சென்ற ஊரில் வேரூன்றுவது நமக்கு மட்டும் உரியதன்று.

இனி, செய்து கண்டவற்றைச் சொல்கிறோம். மிளகாய்த்தூள் பயன்படும்; ஆனால் இடவப்பாதி மழைக்கும் துலாமழைக்கும் நடுவே கொச்சியில் அது எத்தனை நாள் தங்கும்? நைலான் வலையை அணில் கடித்து அறுக்கும், அல்லது அதிற் சிக்கி மாளும், இரண்டும் வேண்டா. பயன்பட்டது, துத்தநாகம் பூசிய அரை அங்குலக் கண் கம்பி வலையே. ஓரங்குலக் கண்ணில் இளம் அணில் நுழைந்துவிடும். மரச்சட்டத்தில் வலையை அறைந்து, அடியும் மூடி, முன்புறம் கீல் வைத்த கதவிட்டோம். வெயிலும் காற்றும் குறையவில்லை. காயலின் உப்புக்காற்றால் இரண்டாண்டில் மூலைகள் துருவேறின, மாற்றினோம். கூண்டு செய்ய இயலாதோர், தட்டின் அளவுக்கு வலையை வெட்டி, தண்டுக்கு இடம் விட்டு மண்மேல் பதித்து, கூழாங்கல் பரப்பலாம். தண்டு பருக்குந்தோறும் இடைவெளியை அகற்ற வேண்டும். மறந்தால் வலையே அணிலின் வேலையைச் செய்துவிடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, விருந்தினரை அழைத்தவர் யார் என்று பார்த்தோம். காக்கைக்குச் சோறு வைத்தது அந்தத் தட்டுகளின் அருகே. உரமாகக் கடலைப் பிண்ணாக்கைக் கட்டியாக மண்மேல் வைத்ததும் நாங்களே. வடகம் காய்ந்ததும் அங்கேயே. சோற்றை மறுமூலைக்கு மாற்றினோம். பிண்ணாக்கை ஊறவைத்து வடித்த நீரை மட்டும் ஊற்றுகிறோம். அம்மூலையில் ஒரு கட்டுத் தேங்காய் நாரும், கோடையில் தண்ணீர்ச் சிரட்டையும் வைத்தோம். நாரை அணில் எடுத்துச் சென்றது. ஆயினும் கூண்டில்லாத செம்பருத்தித் தொட்டியையும் விடவில்லை என்பதை மறைக்கவில்லை.

அடிபட்ட ஆலுக்குச் செய்தது இது: வெளிவந்த வேரை உடனே மண்ணிட்டு மூடி, தட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, மூன்று கிழமை நிழலில் வைத்தோம். கொறிபட்ட பட்டையின் பிசிரைக் கூரிய கத்தியால் சீவினோம். கிளையில் ஒரு நூல் அகலப் பட்டை அறுபடாது எஞ்சியிருந்தது. ஆடியில் அதன் நுனியில் செந்நிறத் தளிர் இரண்டு விட்டது. ஒரு விழுது மட்டும் போய்விட்டது. அது மீண்டும் இறங்கப் பல்லாண்டு ஆகும். அதற்குள் இன்னொரு மாற்றலாணையும் வரலாம்.

வாங்கிய வலையில் நான்கு முழம் எஞ்சியிருக்கிறது. தகரம் வெட்டும் கத்தரியும் உண்டு. வேண்டுவோர் ஞாயிறு காலை தட்டின் அளவோடு வாருங்கள், வெட்டித் தருகிறோம்.