தூக்கிப் போடுமுன் ஓட்டிப் பாருங்கள்
(மும்பையில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊரில் ஒற்றை அறையை வாடகைக்குப் பேசினாலும் முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டா உள்ளே நுழைகிறோம்? குழாயில் தண்ணீர் வருகிறதா, மழைக்குக் கூரை ஒழுகுமா என்று பார்த்த பிறகுதானே மடியை அவிழ்க்கிறோம்? கணிப்பொறி விஷயத்தில் மட்டும் பிறர் சொன்னதற்குத் தலையாட்டலாமா?

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுக்காரர்களுக்கு மேலும் ஓராண்டு தவணை கொடுத்தது. சரி, விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், அவர்கள் பட்டியலில் உள்ள புதிய ப்ராசஸரும் வேண்டும். விளைவு என்ன? பழுதே ஆகாத பொறி கழிவாகிறது. பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கியவன் மறுபடியும் கடன்காரன் ஆகிறான்!

இதற்கு மாற்று இருக்கிறது தோழர்களே. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் உழைப்பால் வளர்ந்தது லினக்ஸ். விலையில்லை, நகலெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது குற்றமுமில்லை. இதை முழுமையாக ஒரே குறுந்தகட்டிலிருந்து ஓட்டிக் காட்டி 2000இல் நாப்பிக்ஸைத் தந்தார் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர். அந்தக் குறுந்தகட்டின் வேலையை இன்று பென்டிரைவ் செய்கிறது.

செய்முறை எளிது. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். ஆனால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். லினக்ஸ் மின்ட் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். அதை அப்படியே நகலெடுத்துப் போட்டால் ஓடாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்னும் இலவச மென்பொருளால் எழுத வேண்டும். பென்டிரைவைச் செருகி, பொறியைப் போடும்போதே எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் பொறிக்குரிய விசையை அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

சில நிமிடங்களில் திரை விரியும். எல்லாம் ரேமிலும் பென்டிரைவிலும்தான் நடக்கிறது; நீங்களாகக் கை வைக்காதவரை ஹார்டு டிஸ்க்கில் உள்ள விண்டோஸும் படங்களும் அப்படியே இருக்கும். திரையில் உள்ள ‘இன்ஸ்டால்’ படத்தை மட்டும் தொடாதீர்கள்.

பிறகு குழாயைத் திறந்து பாருங்கள்! வைஃபை பிடிக்கிறதா? ஒலி கேட்கிறதா? கேமராவும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா? தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துத் தமிழில் அடிக்க முடிகிறதா? பிள்ளையின் பள்ளித் தளம் திறக்கிறதா? சற்று மெதுவாக ஓடினால் அஞ்ச வேண்டாம். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் அப்படி. அணைத்ததும் எழுதியதெல்லாம் மறைந்துவிடும். வேண்டியதை வேறு பென்டிரைவில் சேமியுங்கள். இதை எடுத்துவிட்டுப் பொறியைப் போட்டால் பழைய விண்டோஸே வரும்.

எச்சரிக்கை இரண்டு. பிட்லாக்கர் பூட்டு உள்ள பொறியில் தொடக்க அமைப்புகளை மாற்றுமுன் அதன் மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பிப் பிழைப்பவர் அவசரப்பட்டு மாற வேண்டாம்.

எல்லோரும் மாறியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். ஒரு காசும் நட்டமில்லை. ஆனால் வியர்வை சிந்தி வாங்கிய பொருள் பயன்படுமா, படாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அதை வாங்கியவரே அல்லவா? ஒரு பென்டிரைவ் கைமாறிக் கைமாறி ஒரு தெருவுக்கே உதவும். தம்பி தங்கைகளே, அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.